நாலு தாள் கனமுள்ள காற்று

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், மந்தைவெளியில் ஆர்.கே. மடம் சாலையின் தகரத் தடுப்பை ஒட்டி நானும் ஒரு நண்பரும் நடந்துகொண்டிருந்தோம். நண்பர் கவிஞர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தடுப்புக்கு அந்தப் பக்கம் மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டர் போகிற தடத்தில் மந்தைவெளிக்கு ஒரு சுரங்க ஸ்டேஷன். “உள்ளே அவங்க என்ன வேணும்னாலும் தோண்டிக்கட்டும். வாசல் மட்டும் நல்லா அமைஞ்சுட்டா போதும்” என்றார். நல்ல வாசல் என்றால் என்ன என்று கேட்டேன். “பார்த்தா மயிலாப்பூர்னு தெரியணும். கோபுரம் மாதிரி ஏதாவது.” காற்றைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் இன்ஜினீயர் சமாசாரம்” என்று முடித்துவிட்டார்.

இந்தக் கட்டுரை அவருக்குப் பதில். அவர் கவிதையைப் பற்றியும் நான் இதே அபிப்ராயம்தான் வைத்திருக்கிறேன் என்பதால் இதை ஒரு விமர்சனக் கட்டுரையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் கட்டடக்கலை விமர்சனம் என்று ஒன்று கிடையாது. கோயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கல்வெட்டைப் படிக்கிறார்கள், சிற்பத்தை வர்ணிக்கிறார்கள், ராஜா பெயரைச் சொல்கிறார்கள். அந்தக் கல்லுக்குள் நிற்கும் மனிதனுக்கு வேர்க்கிறதா இல்லையா என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கட்டடம் கண்ணுக்கு மட்டும் உரியதென்று நாம் தீர்மானித்து ரொம்ப நாளாகிவிட்டது.

முதலில் வார்த்தை. ‘சப்வே’ என்றால் நியூயார்க்காரனுக்கு ரயில். மெட்ராஸ்காரனுக்கு ரோட்டைக் கடக்கிற பொந்து. என் சின்ன வயதில் சென்ட்ரலுக்கு எதிரே அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய சப்வேதான் எனக்குத் தெரிந்த முதல் பூமிக்கடி. குறுகிய படி, இறங்கியதும் ஒரு திருப்பம், ட்யூப்லைட், பர்ஸும் பெல்ட்டும் விற்கிறவர்கள், மூத்திர வாடை. அந்த வாடையை நகரத்து ஜனங்களின் குணக்கேடு என்றே எல்லோரும் சொல்வார்கள். குணக்கேடு பாதிதான். படி திரும்புகிற இடத்தில் சுவர் நேர் எதிரே நிற்கிறது. மேலே ரோட்டில் அடிக்கிற காற்று முதல் திருப்பத்திலேயே முட்டிக்கொண்டு திரும்பிவிடும். எதிர்ப்பக்க வாசலும் அதே மாதிரி திரும்பினால் நடுவில் இருக்கும் காற்றுக்கு எங்கேயும் போகக் காரணமில்லை. நேற்றைய வாடை இன்றைக்கும் இருக்கும். நேராக ஒரே சரிவில் இறங்குகிற படி, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி அமைந்தால், அதே ஜனங்கள் அதே குணக்கேட்டோடு உபயோகித்தாலும் வாடை இவ்வளவு தங்காது. வாசலின் வடிவம் என்று நான் சொல்வது இதைத்தான். மேலே என்ன பொம்மை வைத்திருக்கிறது என்பதை அல்ல.

காற்று ஏன் நகர்கிறது? மூன்று காரணங்கள். சூடு, வெளிக்காற்று, வண்டி.

சூடான காற்று லேசானது, மேலே போகும். பூமிக்கடியில் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் ஒரு வாசல் வழியாக ஏறும், இன்னொரு வாசல் வழியாகப் புதுக்காற்று இறங்கும். புகைபோக்கியின் தத்துவம். குளிர்தேசத்து ஸ்டேஷன்களில் பனிக்காலத்தில் இது தானாக நடக்கும். சென்னையில்? கொஞ்சம் ஆழத்துக்குப் போனால் மண்ணின் உஷ்ணம் ஏறக்குறைய அந்த ஊரின் வருஷ சராசரிதான். சென்னைக்கு அது 28, 29 டிகிரி. மே மாதம் மத்தியானம் வெளியே 39. ஆக உள்ளே இருப்பதுதான் குளிர்ந்த காற்று, கனமான காற்று. கிணற்றில் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும், ஏறாது. ஏற வேண்டுமானால் மார்கழி ராத்திரி வரவேண்டும், வெளியே 21 டிகிரி, உள்ளே அதைவிடச் சூடு. அதாவது நம் ஊரில் புகைபோக்கி வேலை செய்வது யாருக்கும் காற்று வேண்டாத நேரத்தில்.

அப்படி வேலை செய்தாலும் எவ்வளவு? பதினைந்து மீட்டர் ஆழம், ஐந்து டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு ஆபீஸ் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சுமார் 3 பாஸ்கல் அழுத்தம். எனக்கு பாஸ்கல் புரியாது, காகிதம் புரியும். நாங்கள் லெட்ஜர் அச்சடிக்கிற வெள்ளைத் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். நாலு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக மேஜையில் வைத்தால் அது மேஜையை அழுத்துகிற அழுத்தம்தான் இந்த 3 பாஸ்கல். ஒரு ஸ்டேஷன் முழுவதும் மூச்சுவிட இயற்கை தருவது நாலு தாள் கனம். வெளிக்காற்று வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வாசலுக்கு நேராக அடித்தால் சுமார் ஏழு தாள். இவ்வளவு அற்பமான பலம் என்பதால்தான் ஒவ்வொரு திருப்பமும், ஒவ்வொரு கண்ணாடிப் பலகையும், படி கிழக்கே பார்க்கிறதா வடக்கே பார்க்கிறதா என்பதும் முக்கியமாகிறது. யானை பலத்தோடு வருகிற காற்றுக்கு வாசல் எப்படி இருந்தால் என்ன? நாலு தாள் பலத்தோடு வருகிறதுக்கு ஒரு வளைவு போதும், நின்றுவிடும்.

மூன்றாவது, வண்டி. குழாயில் பிஸ்டன் போல சுரங்கத்தில் ஓடுகிற ரயில் முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னாலிருந்து இழுக்கும். மற்ற இரண்டையும்விட இது பலசாலி. வண்டி வருவதற்கு முன்னால் அதன் காற்று வரும். காகிதம் பறக்கும், தலைமயிர் கலையும், படிவரை வந்து வாசலில் நிற்பவன் முகத்தில் அடிக்கும். கல்கத்தாவில் இதை அனுபவித்திருக்கிறேன். 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் நடுவே ஓட ஆரம்பித்தது இந்தியாவின் முதல் மெட்ரோ. 2016ல் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தபோது அதில் ஏ.சி. இல்லாத வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். இருட்டிலிருந்து ஒரு வெதுவெதுப்பான, இரும்பு வாடையடிக்கிற தள்ளல். பிறகுதான் விளக்கு. பக்கத்தில் ஒரு கிழவர் அந்தக் காற்று வந்ததுமே, வண்டியைப் பார்க்காமலே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு மெட்ரோ என்றதும் எஸ்ரா பவுண்டின் ஞாபகம் வராமல் இராது. பாரிஸில் லா கான்கார்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது கண்ட அழகான முகங்களைப் பற்றி முதலில் முப்பது வரி எழுதினார். கிழித்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி. இன்னும் கொஞ்ச காலம் கழித்து இரண்டு வரி. 1913 ஏப்ரலில் சிகாகோவின் ‘பொயட்ரி’யில் வந்தது. கல்லூரியில் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சுருக்கத்தின் மகிமையைச் சொன்னார். எனக்கு இப்போது தோன்றுவது வேறு. அந்த இரண்டு வரியில் காற்றில்லை. கண் மட்டும் இருக்கிறது. அந்த பிளாட்பாரத்தில் நின்றவனுக்கு முகங்கள் தெரியுமுன்பே காற்று அடித்திருக்கும், சூடும் வாடையும் தெரிந்திருக்கும். அவையெல்லாம் ஒருவேளை அந்த முதல் முப்பது வரியில் இருந்து கிழிபட்டுப் போயிருக்கலாம். நஷ்டமா லாபமா என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய பிறகு நம் புதுக்கவிதை படிமம் என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டபோது கண்ணைத் தவிர மற்ற புலன்களை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் நண்பரின் கோபுர ஆசை அங்கிருந்து வருவது.

பாரிஸ் வாசல்களைப் பற்றியும் இதே தப்பு நடக்கிறது. 1900ல் எக்டர் கிமார் செய்த பச்சை இரும்பு வாசல்களை ஆர்ட் நூவோவின் உச்சம் என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் படம் போடுகின்றன. தண்டு மாதிரி வளைகிற விளக்குக் கம்பம், பூ மாதிரி விளக்கு. அவற்றில் கண்ணாடிக் கூரை போட்டவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை மூன்று பக்கம் கிராதி வைத்து மேலே வானத்துக்குத் திறந்துவிட்ட படிக்கட்டுகள். மழை நேராகப் படியில் விழும். காற்றும் விழும். ரசிகன் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் பக்கத்தில் இருக்கிற திறந்த ஓட்டையில்தான் கட்டடத்தின் காரியம் நடக்கிறது.

லண்டனில் இன்னும் விசித்திரம். உலகத்தின் முதல் பூமிக்கடி ரயில், 1863 ஜனவரி, நீராவி எஞ்சின். புகையும் ஆவியும் வெளியேற அங்கங்கே மேலே திறந்த பள்ளம் விட வேண்டியிருந்தது. 1860களின் கடைசியில் பாதையை நீட்டியபோது லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற கௌரவமான தெருவில் அப்படி ஒரு பள்ளத்துக்காக 23, 24ஆம் நம்பர் வீடுகளை இடித்தார்கள். தெருவின் அழகு கெடக்கூடாதே! பக்கத்து வீடுகளைப் போலவே தூண், ஜன்னல், வாசற்கதவு எல்லாம் வைத்து ஐந்தடி கனத்தில் ஒரு முகப்புச் சுவர் எழுப்பினார்கள். அது இன்றும் நிற்கிறது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வீடு இல்லை. கதவில் தபால் போடத் துளை இல்லை. சுவருக்குப் பின்னால் ரயில் மூச்சு விடுகிற பள்ளம். நம் நண்பர் கேட்கிற வாசல் இதுதான் என்று எனக்குப் படுகிறது. மூச்சு விடுகிற ஓட்டையை மறைத்துக்கொண்டு நிற்கிற, தபால் வராத கதவு.

நியூயார்க் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசலை நம்பி ஏமாந்தவர்கள் அவர்கள். 1904 அக்டோபர் 27ல் திறந்தபோது புடாபெஸ்டைப் பார்த்து வார்ப்பிரும்பும் கண்ணாடியும் கொண்ட சின்ன மண்டபங்களை நடைபாதைகளில் வைத்தார்கள். காற்றுக்கென்று பெரிய ஏற்பாடு வேண்டாம், வண்டிகளே தள்ளிக்கொள்ளும், படிக்கட்டுகள் வழியாகப் போய்வரும் என்பது கணக்கு. 1905 கோடையில் கணக்கு பொய்த்தது. உள்ளே வெக்கை, புழுக்கம், பத்திரிகைகளில் கூச்சல். காரணம் எளிது. லண்டனின் ஆழ்ந்த குழாய்களில் ஒரு குழாய்க்கு ஒரு தடம். வண்டி குழாயை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு ஓடும், காற்று முன்னால் போயே ஆக வேண்டும். நியூயார்க்கில் ஒரே அகலப் பெட்டியில் பக்கம் பக்கமாகத் தடங்கள், நடுவில் தூண்கள் மட்டும். எதிரெதிரே வண்டிகள் ஓடினால் காற்று வெளியே போகாமல் உள்ளேயே கலக்கப்படும். பாயசத்தைக் கரண்டியால் கிளறுகிற மாதிரி. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதார நிபுணரைக் கூப்பிட்டு ஆராயச் சொன்னார்கள். ‘டைஃபாய்டு மேரி’ என்று பின்னால் பெயரெடுத்த சமையற்காரியை 1907ல் தேடிப் பிடித்தவர் இவர்தான். 1908ல் சுரங்கக் காற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். காற்றில் விஷமில்லை, ஆனால் சூடும் வாடையும் பிரேக்கிலிருந்து உதிர்கிற இரும்புத்தூளும் நிஜம் என்றார். கடைசியில் மின்விசிறிகள் வைத்து, நடைபாதையில் இரும்புக் கிராதிகளைத் திறந்தார்கள். அந்தக் கிராதிகளில் ஒன்றின்மேல் நின்றுதான் 1955 படமொன்றில் மர்லின் மன்றோவின் பாவாடை பறக்கிறது. வண்டி தள்ளியதாகப் படம் காட்டுகிற காற்றை உலகம் முழுவதும் பார்த்திருக்கிறது, பார்த்தது காற்றை என்று தெரியாமல்.

இந்தச் சரித்திரத்தின் அடுத்த திருப்பம் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1987 நவம்பரில் சிங்கப்பூர், நம்மைப் போலவே வெக்கையும் ஈரமும் உள்ள ஊர், தன் சுரங்க ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தின் விளிம்பில் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடிக் கதவு போட்டது. வண்டியின் சூடு அந்தப் பக்கம், பிரயாணியின் குளிர்ச்சி இந்தப் பக்கம். 2017 மே 14ல் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே சென்னை முதல் தடவையாகப் பூமிக்கடியில் ரயில் விட்டபோது அதே ஏற்பாடுதான் இங்கேயும். வண்டியின் காற்று இனி நம் முகத்துக்கு வராது. அது தனிக் கிணறுகள் வழியாக மேலே போகிறது. ரோட்டோரம் பட்டைப் பட்டையாகத் தகடு வைத்த சாம்பல் நிறப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் ஸ்டேஷனின் மூக்கு. பெயர்ப்பலகையும் கூரையும் வைத்த வாசல் வெறும் கசிவு. மே மாதம் அண்ணா சாலையில் ஒரு ஸ்டேஷன் வாசற்படியில் பாதியில் நின்று ஏ.டி.எம். ரசீது ஒன்றை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தேன். லேசான காகிதம், எங்களுக்கு அது பஞ்சமில்லை. துண்டு வெளிப்பக்கம் சாய்ந்தது. உள்ளே கரண்ட் செலவு செய்து குளிர வைத்த காற்று படியேறி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற பெண் என்ன சார் பண்றீங்க என்று கேட்டாள். சொன்னேன். அவளும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, இங்க நின்னா எனக்குக் கால் மட்டும் ஜில்லுனு இருக்கும்” என்றாள். நான் சந்தித்த முதல் கட்டட விமர்சகர்.

ஏ.சி. கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன நாலு தாள் கணக்கு தெரிந்த எவனும் சொல்ல மாட்டான். நம் ஊர் மே மாதத்தில் நிறைய ஜனம் நிற்கும் குழிக்கு வெறும் வாசலைக் காட்டிப் பிழைத்துக்கொள் என்பது கொடுமை. லண்டனில் ஆழ்குழாய்களைச் சுற்றியுள்ள களிமண் ஆரம்பத்தில் 14 டிகிரி இருந்தது. கோடையில் குளிர்ச்சிக்காக வாருங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். நூறு வருஷம் வண்டி ஓடிய சூட்டை உறிஞ்சி இப்போது இடத்துக்குத் தகுந்தபடி 19 முதல் 26 வரை ஏறியிருக்கிறது. 28ல் ஆரம்பிக்கிற நம் மண் எங்கே போய் நிற்கும்?

எனக்கு உள்ள ஆட்சேபம் வேறு. யந்திரம் இருக்கிறதே என்று வாசலை மறந்துவிடுவது. இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், சொந்தக் காரணம் உண்டு.

நான் வேலை பார்க்கும் கிளை முன்பு ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. ரோட்டுப் பக்கம் நாலு ஜன்னல், பின்னால் வேப்பமரத்தைப் பார்த்து மூன்று. சாயங்காலம் செக்குகள் பறக்கும், பேப்பர் வெயிட் இல்லாமல் உட்கார முடியாது. பிறகு தரைத்தளத்தில் புது இடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, ஒரே கதவு. பாதுகாப்புக்காகப் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கண்ணாடியில் கீலே கிடையாது. ‘கதவைச் சாத்தவும், ஏ.சி. போகிறது’ என்று நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் கவுண்டர்களில் ஊதுபத்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். கதவோரம் இருந்த என் கவுண்டரில் புகை வளைந்து வளைந்து போகும். உள் மூலையில் கேஷ் கவுண்டரில் நேராக, கோடு போட்ட மாதிரி, கூரைவரை ஏறும். பார்க்க அழகாக இருக்கும். கேஷியர் அதைக் காட்டி, “பாருங்க, என் சாமிக்குத்தான் நேரா போகுது” என்பார்.

2020ல் ஊரடங்கிலும் வங்கிகள் திறந்திருந்தன. ஏ.சி.யை நிறுத்தி ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. திறக்க ஜன்னல் இல்லை. கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தோம். ஒரு வாய் மட்டும் உள்ள குப்பிக்குள் எவ்வளவு ஊதினாலும் காற்று வாயோடு திரும்பிவிடும். அது உள்ளே போக இன்னொரு வாய் வேண்டும். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. 2021 மே மாதம் கேஷியர் இறந்து போனார். ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு அந்த மூலையில்தான் தொற்றியது என்று சொல்ல என்னால் முடியாது. வீடு, பஸ், மார்க்கெட், எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த மூலையில் காற்று நகரவில்லை என்பது மட்டும் தெரியும். ஏழு வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊதுபத்திப் புகை அதை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன்.

‘இயற்கைக் காற்று’ என்ற சொல்லின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மந்தைவெளியிலேயே அதற்கு நிரூபணம் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயோரம் பறக்கும் ரயில் ஸ்டேஷன். திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரை பாதை நீண்ட 2004ல் திறந்தது. நான் அப்போது பள்ளிக்கூடம். விசிறியோ ஏ.சி.யோ வேண்டாத, காற்று நாலா பக்கமும் புகுந்து புறப்படுகிற பிரம்மாண்டமான கூடு. கடல் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் பிளாட்பாரத்தில் நிற்பது சுகம். சிலநாள் அதே காற்று கால்வாயையும் மேலே தூக்கிக்கொண்டு வரும், சாக்கடை, கொசு சகிதமாக. கீழே வாசல் அகலமோ அகலம். ஆனால் அந்த அகலத்துக்குள் விளக்கும் கடையும் ஆளும் இல்லாமல் மாடி மாடியாக வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்ததால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் என் தங்கை அந்தப் படியில் தனியாக இறங்க மாட்டாள். காற்றோட்டத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க் வாங்குகிற கட்டடம் அது. கிராமத்துத் தென்றலைப் பற்றி நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் அங்கே ஒரு சாயங்காலம் நின்றுவிட்டு வந்து எழுதலாம்.

வாசல் மூக்காக இருப்பது எப்போதும் நல்லதுமில்லை. 1987 நவம்பர் 18 சாயங்காலம் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ஒரு மர எஸ்கலேட்டருக்கு அடியில் சின்னதாகத் தீப்பிடித்தது. ஆரம்பத்தில் யாரும் பயப்படவில்லை. சில நிமிஷங்களில் அது டிக்கெட் கூடத்தில் வெடித்துப் புகுந்து 31 பேரைக் கொன்றது. விசாரணையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது ஜ்வாலை மேலே எழாமல் எஸ்கலேட்டரின் பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டு ஏறியதாகக் காட்டியது. நம்பவில்லை. சின்ன மாதிரி செய்து கொளுத்திப் பார்த்தார்கள். அப்படியேதான் நடந்தது. 30 டிகிரி சாய்வு, இரண்டு பக்கம் தடுப்பு, மேலே திறந்த வாய். மனிதன் ஏறுவதற்கென்று செய்த வடிவம் நெருப்புக்கும் அச்சாகப் பொருந்தியது. அந்த வடிவத்தில் எவனும் குற்றம் கண்டுபிடித்ததில்லை அதுவரை.

இப்போது கட்டுகிற ஸ்டேஷன்களில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. தீப்பிடித்தால் விசிறிகள் புகையைக் கிணறுகள் வழியாக உறிஞ்சி வெளியே தள்ளும். உறிஞ்சின இடத்துக்கு வேறு காற்று வரவேண்டும் அல்லவா? அது வாசற்படிகள் வழியாக வருகிறது. ஜனங்கள் புதுக்காற்றுக்கு எதிர்முகமாக ஏறித் தப்பிக்க வேண்டும் என்பது கணக்கு. மற்ற நாளெல்லாம் கசிவாக இருந்த வாசல் அன்றைக்கு மட்டும் மூக்காகிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், யந்திரம் இருந்தாலும் வாசலின் குறுக்குவெட்டு, திருப்பம், கூரை, பார்க்கிற திசை எதுவும் அலங்கார விஷயமாகிவிடுவதில்லை என்று.

மந்தைவெளிக்கு வருவோம். மந்தைக்கு விட்ட வெளி. அந்த ‘வெளி’யின் அடியில் தோண்டுகிறார்கள், அதைப் பற்றி யாராவது கவிதை எழுதிவிடுவார்கள் என்று பயமாயிருக்கிறது. சங்கதி இது: ஆர்.கே. மடம் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. நடைபாதை குறுகல். குறுகின இடத்தில் படிக்கட்டை ரோட்டுக்கு இணையாகத்தான் இறக்க முடியும். அப்படி இறக்கினால் வாசலின் வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்கும். கடற்காற்று வருவது கிழக்கிலிருந்து, குறுக்குத் தெருக்கள் வழியாக. வந்து கூரையின் பக்கவாட்டுக் கண்ணாடியில் முட்டும். பக்கவாட்டில் கண்ணாடிக்குப் பதில் சாய்ந்த பட்டைகள் வைத்தால், மழை வராமல் காற்று மட்டும் வரும். அல்லது ஒரு வாசலையாவது குறுக்குத் தெருவுக்குள் இழுத்துக் கிழக்கே திருப்பினால் மற்றதன் வழியாக உள்காற்று வெளியேற ஒரு காரணம் கிடைக்கும். டிக்கெட் தளத்துக்கு மட்டுமாவது இது போதாதா, வருஷத்தில் நாலைந்து மாதமாவது? போதாது என்று கணக்கு சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் போட்டுவிட்டு வேண்டாம் என்பது வேறு, கேட்காமலே விடுவது வேறு. தண்ணீர் விஷயமும் இருக்கிறது. காற்று வருகிற வழிதான் வெள்ளம் வருகிற வழியும். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் வாசல் ரோட்டைவிட உயர்ந்துதான் நிற்க வேண்டும். நாலு படி ஏறி, பிறகு இறங்க வேண்டும். திண்ணை வைத்த வீட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. என் பாட்டி வீட்டில் வாசற்கதவு, ரேழிக் கதவு, கொல்லைக் கதவு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும், நடுவில் முற்றம். மத்தியானம் தாத்தா ரேழியில் துண்டை விரித்துப் படுப்பார். அந்த வீட்டின் முகப்பில் ஒரு பொம்மைகூட இல்லை.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி முடிக்க நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அவரைக் கபாலி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு அழைத்துப் போனேன். கோபுரத்தைப் பார்க்க வேண்டாம், அடியில் நில்லுங்கள் என்றேன். அவ்வளவு பெரிய கல்கட்டு கிழக்குக் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதில் போக ஒரே ஓட்டை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கல், கதவு திறந்திருக்கிறது. கடற்காற்று அதற்குள் ஒடுங்கி வேகமெடுக்கிறது. பூக்காரி ஒருத்தி தன் கூடையின் மேல் போட்ட ஈரத்துணி பறக்காமல் இருக்கக் கல் வைத்திருந்தாள். கிழவர் ஒருவர் சுவரோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சன்னிதிக்குப் போகிற ஜனங்கள் அந்த இருபதடியில் மட்டும் நடையைத் தளர்த்துவதைக் காட்டினேன்.

“இதைத்தான் நானும் சொன்னேன், கோபுரம் மாதிரி வேணும்னு” என்றார் நண்பர்.

நான் பையிலிருந்து ரசீதுத் துண்டை எடுத்தேன். அது என் விரலில் நிற்கவில்லை.